மறந்துவிட்டு வந்த நரி முகம்

ராம்நாத் புதுக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறான். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் எல்லாம் அவன் கை வழியாகத்தான் போகும். இடையிடையே கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் வரும். செத்தவர் ஏதோ ஒரு விசேஷத்தில் கூட்டத்தோடு நிற்கிற படம்தான் எந்த வீட்டிலும் இருக்கும். பக்கத்தில் நிற்பவர்களை அழித்துவிட்டு அவரை மட்டும் தனியே எடுக்க வேண்டும். போன வருஷம் முத்துக்குமாருக்கு அந்த வேலையைச் செய்தபோது, அவன் தோளில் கிடந்த கையை ராம்நாத் பொறுமையாக அழித்தான். அது ராம்நாத்தின் கை.

இருபத்து நான்கு வயது. பேச்சு குறைவு. கேட்டதற்குத் தலையை ஆட்டினால் போதும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்படி ஆட்டித்தான் புதன்கிழமைக் காரியத்துக்கும் சம்மதித்திருந்தான்.

புதன்கிழமை அவனை முத்துக்குமாரின் பெற்றோர் சுவீகாரம் எடுக்கிறார்கள். தேனப்பனுக்கும் மீனாளுக்கும் முத்து ஒற்றைப் பிள்ளை. அவன் போன பிறகு வீட்டுக்கு வாரிசு இல்லை, கொள்ளி வைக்க ஆளில்லை. செட்டியார் வீடுகளில் பங்காளி வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொள்வது வழக்கம்தான். ராம்நாத் இரண்டாவது மகன், ஒரே கோயில் பங்காளி, திருமயத்துக்குப் பக்கத்தில் அதே ஊர், பள்ளிக்கூடத்திலிருந்து முத்துவோடு திரிந்தவன். தலைத்திவசம் முடிந்த மறுநாளே தேனப்பன் வந்து கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீனாள் கூப்பிட்டு அனுப்பினாள். புதுக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் வருஷா வருஷம் இரண்டு நாள் நடக்கிற, ஜப்பானியக் கார்ட்டூன் ஆட்களைப் போல வேஷம் கட்டி வருகிற அனிமே விழாவுக்கு அன்று கடைசி நாள். முதல் நாள் அவன் போகவில்லை. கடைசி நாளுக்காவது வந்தே ஆக வேண்டும் என்று சிநேகிதர்கள் ரகுநாத்தும் ஹரிணியும் போனில் உயிரை வாங்கியிருந்தார்கள்.

"ஒங்க ஆத்தா சொன்னாக, நீ அந்த விழாவுக்குப் போறியாமே. இதைப் போட்டுக்கிட்டுப் போ ராமு."

மீனாள் கையில் இருந்தது ஒரு முகமூடி. வெள்ளை ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டி, கண்ணோரம் சிவப்புக் கோடு இழுத்த நரி முகம். ஒரு காது பாதி பிய்ந்திருந்தது. விபத்து நடந்த இடத்திலிருந்து போலீசார் எடுத்துக் கொடுத்ததை அவள் ஒரு வருஷமாக மகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாள். படத்துக்குச் சந்தனம் வைக்கும்போதெல்லாம் நரி நெற்றிக்கும் வைத்து, அது காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"இதை மறந்துட்டுப் போயித்தானே அவ்வளவு தூரம் திரும்பி வந்தான். இட்டிலி எடுத்து வச்சேன், உக்காரலை. 'மறதிக்காரப் பயலே, தலையையும் கழட்டி வச்சுட்டுப் போ'ன்னு ஏசினேன். ஒண்ணும் சொல்லலை, சிரிச்சான். அதான் நான் அவன்கிட்டப் பேசின கடைசிப் பேச்சு. வேற பேச்சே வரலை பாரு என் வாயில."

ராம்நாத் முகமூடியை வாங்கிக்கொண்டான்.

உண்மையில் அது ராம்நாத்துடையது. இரண்டு பேர் வேஷத்தையும் முத்து வீட்டு மாடியில்தான் ஒரு மாதம் உட்கார்ந்து செய்தார்கள். போன வருஷம் கடைசி நாள், முத்துவின் பைக்கில் மண்டபத்துக்கு வந்து பையைத் திறந்த பிறகுதான் நரி முகம் மாடியிலேயே கிடப்பது ராம்நாத்துக்கு உறைத்தது. மூஞ்சி தெரிய மேடையேற மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தான். "சரி இருடா, முக்கா மணி நேரத்துல வாரேன்" என்று முத்து சாவியை எடுத்துக்கொண்டு போனான். முகமூடியை எடுத்துக்கொண்டு திரும்புகையில் நமணசமுத்திரம் தாண்டி லாரி அடித்தது.

மறந்தது முத்து என்று ஊரே பேசிக்கொண்டது. ராம்நாத் யாரையும் திருத்தவில்லை.

மண்டபத்து வாசலில் முந்தின முகூர்த்தத்தின் வாழைமரம் வாடித் தொங்கியது. மணமகள் அறையில் பெண்கள் விக் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மணமகன் அறையில் ஸ்டிக்கர் கடை. மாடி ஹாலில் நீல முடிக்காரன் ஒருவன் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ரகுநாத் அட்டைப்பெட்டியில் செய்த ரோபோ கவசத்துக்குள் விறைப்பாக நின்றான். கீரனூர்க்காரன், தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன்.

"உக்கார முடியாது இவனால. காலையிலேருந்து தண்ணிகூடக் குடிக்கலை" என்றாள் ஹரிணி. அவள் டவுனில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறாள். "ஒண்ணுக்கு வந்தா நாலு பேரு சேந்து கழட்டணும்."

"நீ ஒருத்தி கழட்டாம இருந்தாப் போதும்" என்றான் ரகுநாத். "வா மாப்ள. இனிமே நீ பெரிய வீட்டுப் புள்ள, எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?"

ராம்நாத் பையிலிருந்து முகமூடியை எடுத்தான். ரகுநாத்தின் சிரிப்பு நின்றது. போன வருஷம் முத்து சாவியை எடுத்தபோது இவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

"இது எப்படிடா ஒங்கிட்ட?"

"பெரியாத்தா கொடுத்தாங்க. முத்துவோடதுன்னு."

"இன்னுமா நீ சொல்லலை?" என்றாள் ஹரிணி. "நீயே சொல்றேன்னு சொன்னதாலதான நாங்க வாயை மூடிக்கிட்டு இருந்தோம்."

"எப்படிச் சொல்றது? எழவு வீட்டுல தேனப்பன் பெரியப்பச்சி என் கையப் பிடிச்சுக்கிட்டு, மறதியாலயே போயிட்டான்டான்னு அழுதாரு. காரியம் முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் தீவாளி, பொங்கல்னு ஒவ்வொண்ணா வந்துச்சு." அவ்வளவு நீளமாக அவன் பேசி அவர்கள் கேட்டதில்லை. "இப்பப் போயி அங்க இருந்து, அவன் செய்ய வேண்டியதையெல்லாம் நான் செஞ்சிட்டாப் போதும்ல."

"போதாதுடா" என்றான் ரகுநாத். "செத்தவன் மேல பழியப் போட்டுட்டு அவன் எடத்துலயே போயி உக்காரப் போறே. புதன்கிழமைக்கு அப்புறம் ஒன் வாயிலேருந்து இது வரவே வராது."

"சொன்னா வேண்டாம்னுடுவாங்கன்னு பயமா?"

"வேண்டாம்னாப் பரவாயில்லை ஹரிணி. என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க."

பிறகு மூன்று பேருமாகப் படம் வரையும் போட்டியைப் பார்த்தார்கள், பப்ஸ் தின்றார்கள். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிடும் என்ற நினைப்பில் ஹால் முழுக்க ஆளாளுக்குப் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு ராம்நாத்தின் போன் அடித்தது. "மண்டபத்து வாசல்ல நிக்கிறேன் ராமு" என்றாள் மீனாள். "அவன் வருஷா வருஷம் அப்படி என்னதான் பாத்தான்னு நானும் ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

அரக்குக் கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு, கையில் சீடை டப்பாவோடு படியேறி வந்தாள். வாள் பிடித்தவர்களும் இறக்கை வைத்தவர்களும் ஒதுங்கி வழி விட்டார்கள். ரோஜா நிற முடிக்காரி ஒருத்தியை நின்று பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு முடியே அப்படியா?"

"விக்குங்கம்மா" என்றாள் ஹரிணி.

"பாவம், வேத்து வழியுது. முத்து எங்க உக்காருவான்?"

ரகுநாத் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைக் காட்டினான். மீனாள் போய் உட்கார்ந்தாள். கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள். வேஷப் போட்டி தொடங்கியிருந்தது. ரகுநாத் பெயர் கொடுத்திருந்ததால் ராம்நாத்துக்கும் ஓர் எண் இருந்தது, பதினேழு. பதினாறாவது ஆள் இறங்கினான்.

"ஒன்னையத்தான் கூப்பிடுறாக. போட்டுக்கிட்டு ஏறு. அவன் போட வேண்டியது, நான் பாக்கணும்."

ரகுநாத் தரையைப் பார்த்தான். ராம்நாத் நரி முகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே கொண்டுபோனான். நரி நெற்றியிலிருந்து சந்தன வாசனை வந்தது. கையை இறக்கினான்.

"பெரியாத்தா, கீழ சாப்பாட்டு ஹாலுக்கு வர்றீங்களா? ஒண்ணு சொல்லணும்."

சாப்பாட்டு ஹாலில் நீள மேஜைகள் வெறுமனே கிடந்தன. கை கழுவுகிற இடத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகமூடியை மேஜையில் வைத்தான். "இது என்னோடது" என்று ஆரம்பித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மூஞ்சி தெரிய மேடையேற மாட்டேன் என்று தான் அடம்பிடித்ததை இரண்டு தடவை சொன்னான். மாடியில் யாருக்கோ கை தட்டினார்கள்.

மீனாள் நரியின் பிய்ந்த காதை விரலால் நீவினாள்.

"அப்ப அவன் மறக்கலை."

"இல்லை பெரியாத்தா."

"நான் ஏசினப்ப ஒன் பேரச் சொல்லியிருக்கலாம்ல. ராமு விட்டுட்டு வந்துட்டான்னு ஒரு வார்த்தை." அவள் ராம்நாத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. "இட்டிலி வேண்டாம், ஆளு காத்துக்கிட்டு இருக்குன்னான். நான் போட்டிக்காரங்கன்னு நெனச்சேன்."

"புதன்கிழமை வேண்டாம்னா எங்க வீட்டுல நானே சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவே?" மீனாள் எழுந்தாள். குழாயை இறுக்கி மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்காமல், முதுகைக் காட்டியபடியே பேசினாள். "பங்காளிகளுக்கெல்லாம் சொல்லியாச்சு. கோயில்லேருந்து மாலை வரச் சொல்லியாச்சு. ஒங்க பெரியப்பச்சிக்கு நெஞ்சுல ரெண்டு அடைப்பு. இதைக் கேட்டா அன்னைக்கே போயிருவாக. அவுககிட்ட நீ இதை எந்தக் காலத்துலயும் சொல்லக் கூடாது."

"சரிங்க."

"ஒம்பது மணிக்கு வந்துரு. மணையில உக்காரு. அவுகள அப்பச்சின்னு கூப்பிடு. என்ன செய்யணுமோ எல்லாத்தையும் செய்யி, யாரும் தடுக்கலை." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "என்னைய மட்டும் ஆத்தான்னு கூப்பிட்டுறாதே. ஆளுக முன்னாலகூட வேண்டாம்."

அவனைத் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போனாள். டிரைவர் கதவைத் திறந்து விட்டான். கார் திருமயம் ரோட்டுப் பக்கம் திரும்புகிற வரை ராம்நாத் ஜன்னலிலிருந்து பார்த்தான்.

ரகுநாத் கவசத்தோடு பக்கவாட்டில் படியிறங்கி வந்தான். பின்னால் ஹரிணி, மீனாள் மாடியிலேயே விட்டுப் போன சீடை டப்பாவோடு.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னடா சொன்னாங்க?"

"புதன்கிழமை ஒம்பது மணிக்கு வரச் சொன்னாங்க."

ஹரிணி பெருமூச்சு விட்டு டப்பாவை மேஜையில் வைத்தாள். "பாத்தியா. இதுக்காடா ஒரு வருஷம் பயந்து செத்தே?" என்றாள். ரகுநாத் அவனைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தான். அட்டை மடங்கி உடைந்தது. நல்ல மனசு அந்தம்மாவுக்கு, வேற யாரா இருந்தாலும் நடுத்தெருவுல வச்சு நாறடிச்சிருப்பாங்க என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

ராம்நாத் அவர்களைத் திருத்தவில்லை.