கழிவறை வாசலில் ஒரு கேமரா

பெலிசியாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். கடலூரில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சென்சார் வடிவமைப்பது அவள் வேலை. அந்த மாதம் அவள் அதிகம் பேசவில்லை.

சிதம்பரம் போகும் வழியில் ஒரு சிற்றூர். அங்கே பேருந்து நிலையத்தின் பெண்கள் கழிவறைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால், அதற்கேற்பத் தண்ணீர் ஏற்றலாம், ஆள் விட்டுக் கழுவலாம். அதற்காக ஒரு சிறிய பெட்டி செய்தாள். வாசலின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஓடும். யாராவது உள்ளே போனால் பெட்டி ஒன்று கூட்டிக்கொள்ளும். போனது யார் என்று அதற்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள்.

அந்த ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பாக இருந்த சுப்பிரமணியன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோ வராதாம்மா?"

"வராது சார். எண்ணிக்கை மட்டும்தான்."

"மேலதிகாரி வந்தா என்னாத்த காட்டுறது? வெறும் நம்பரையா?"

"லேடீஸ் டாய்லெட் சார் அது."

"வெளியிலதானம்மா கேமரா வெக்கப் போறோம்."

கம்பெனி முதலாளி அருண்குமாரிடம் முறையிட்டாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேட்டதக் குடுத்துடு பெலிசியா. ஒனக்கு என்னா போவுது?" வேறொருவரை அனுப்பி, வாசலுக்கு எதிரே கேமராவையும் மாட்டிப் பெட்டியோடு இணைத்துவிட்டார்.

சில நாட்களிலேயே சுப்பிரமணியன் போன் செய்தார். "ஒங்க சென்சார் ரிப்பேரும்மா. ஆளே வரலன்னு காட்டுது."

பெலிசியா பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். சென்சாரில் ஒரு குறையும் இல்லை. உண்மையிலேயே யாரும் வரவில்லை. பெண்கள் கழிவறையைத் தாண்டி, பாழடைந்த சைக்கிள் ஸ்டாண்டின் பின்பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கொய்யாப்பழம் விற்கும் இருசம்மாளிடம் கேட்டாள்.

"மேல கேமரா வெச்சிருக்காங்க, யாருமா போவா? நானே வூட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அவுங்க ஆபீசு டிவியில ஓடுதாம்."

அதையும் போய்ப் பார்த்தாள். வரி கட்ட வந்தவர்கள் உட்காரும் இடத்தில், சுவரில் மாட்டிய டிவியில், கழிவறை வாசல் பெரிதாகத் தெரிந்தது.

"சார், யாரு எப்ப உள்ள போறா, எவ்வளவு நேரம் கழிச்சு வெளிய வரான்னு ஊரே பாக்குது."

"பாதுகாப்புக்குத்தானம்மா."

"யாரும் உள்ளயே போவல சார். யாருக்குப் பாதுகாப்பு?"

"சென்சார சரி பண்ணுங்க மொதல்ல," என்றார் அவர்.

பெலிசியா பேருந்து நிலையத்துக்குத் திரும்பினாள். பக்கத்து டீக்கடையில் ஏணி இரவல் வாங்கினாள். கேமராவை இன்னும் அவர்களிடம் முறைப்படி ஒப்படைக்கவில்லை, கம்பெனி பொருள்தான். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். சுவரில் ஓட்டை தெரிந்தால் இன்னும் அங்கே ஏதோ இருப்பதாக நினைப்பார்கள் என்று, சிமெண்ட் கேட்டு வாங்கி அதையும் அடைத்தாள். வேலை போகலாம் என்பது தெரியாமல் இல்லை.

அருண்குமார் கத்தினார். அவள் கேமராவை அவர் மேசையில் வைத்துவிட்டு நின்றாள். அடுத்த வாரம் சுப்பிரமணியனே மறுபடி போன் செய்தார்.

"சரி பண்ணிட்டீங்க போலருக்கு. கூட்டம் ஜாஸ்தியா காட்டுது."

"சென்சார் கெடவே இல்ல சார். கேமராவ எடுத்துட்டேன்."

"அதான். இப்ப நல்லா ஓடுது."

வேலை முடிந்ததாக அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கேமராவைப் பற்றி அப்புறம் கேட்கவேயில்லை. பெண்களுக்கு என்ன நடந்தது என்பதும் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. அதுதான் பெலிசியாவை அதிகம் சலிப்படைய வைத்தது.

அடுத்த ஆர்டருக்கு அவள் போட்ட வரைபடத்தை அருண்குமார் உற்றுப் பார்த்தார்.

"கேமரா வயர சொருவுற எடத்தக் காணோமே. பின்னாடி அவுங்க கேட்டா?"

"முடியாதுன்னு சொல்லுங்க சார். இந்தப் பொட்டியில முடியாது."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் வரைபடத்தைத் திருத்தச் சொல்லவில்லை.