எஸ்தர் சிஸ்டர் கேட்ட ஒரு கட்டம்

ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது முத்துலட்சுமி அழைத்தார். எஸ்தர் சிஸ்டர் வேலை பார்த்த மருத்துவமனையில் பல வருஷம் வார்டு ஆயாவாக இருந்தவர் அவர். எடுத்த எடுப்பிலேயே, "சார், சிஸ்டர் போயிட்டாவ" என்றார். முந்தின நாள் மாலை நெஞ்சுவலி என்று தாமே ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தாராம். காலையில் முடிந்துவிட்டது. எந்த சிஸ்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே சிஸ்டர்தான். வரிசையை விட்டு வெளியே வந்தேன். கையில் ரேஷன் கார்டு இருந்தது. அதைப் பார்த்ததும் துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. ஏன் என்று அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். வகுப்புக்குத் தாமதமாக வந்தவனுக்கும் பாடத்தைத் திரும்பச் சொல்லும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை.

நான் அவரை நோயாளியாகத்தான் சந்தித்தேன். தொப்புளைச் சுற்றி வலித்தது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தேன். மறுநாள் வலி வலப்பக்கம் இறங்கியது. அப்போதும் சோடாதான் குடித்தேன். மூன்றாம் நாள் ஆட்டோவில் மடங்கி உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தபோது, குடல்வால் வெடிக்கும் நிலையில் இருப்பதாகச் சொல்லி உடனே அறுவை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் கட்டிலருகே ஒரு நர்ஸ் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். குள்ளமான உருவம், மூக்கின் நுனியில் கண்ணாடி. அறிவியல் வாத்தியார் என்ற மிடுக்கு எனக்கு அந்த நிலையிலும் போகவில்லை. கொய்யா விதை போய் அடைத்திருக்கும் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தாமலே, "அந்தக் கொய்யா வாத்தியாரு நீங்கதானா? ஒங்ககிட்டப் படிச்ச பிள்ளையள் கொய்யாப்பழத்தைக் கண்டாலே ஓடுது. நான் ஆபரேஷன் தியேட்டர்ல நின்ன காலத்துல இத்தன வயித்தைத் தொறந்து பாத்தாச்சு, ஒரு கொய்யா வெதையக் காணல சார்" என்றார். வார்டே சிரித்தது. தையல் போட்ட வயிற்றோடு நான் மட்டும் சிரிக்க முடியாமல் கிடந்தேன்.

முத்தையாபுரத்தில் அவர் வாடகை வீடு என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது என்பது வீடு திரும்பும் நாளில்தான் தெரிந்தது. சொந்த ஊர் நாசரேத். திருமணம் செய்துகொள்ளவில்லை. உடம்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கொய்யாப்பழம் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பேசிக்கொண்டிருந்தவர் ஆறு மணி ஆனதும் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடும் வெள்ளைக் காஸ் துணியில் ஒரு துண்டு வெட்டி, வாசல் கம்பிக் கதவின் குறுக்குக் கம்பி ஒன்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாகத் துடைத்தார். துறைமுகத்து நிலக்கரித் தூசு துணியில் கரித்தடமாக விழுந்தது. அதை ஒரு நோட்டில், காலையிலேயே தேதி எழுதி வைத்திருந்த இடத்தில் குண்டூசியால் குத்தினார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று எழுதினார். அன்று வார்டுக்கு வந்த குடல்வால் நோயாளிகள் எத்தனை பேர் என்றும் எழுதினார். பிறகு ஈரத்துணியால் அந்தக் கம்பியைச் சுத்தமாகத் துடைத்து மறுநாளுக்குத் தயார் செய்தார். நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பும் சாம்பலுமாகத் துணிகள்.

மூக்கு வழியாகப் போகும் தூசு குடல்வாலை என்ன செய்யும் என்று கேட்டேன். "மூக்கோட நின்னுருமா? சளியோட சேத்து முழுங்கத்தானே செய்யுதோம்? ரத்தத்துலயும் கலந்து ஒடம்பு முழுக்கப் புண்ணாக்குதாம். வெளிநாட்டுல இதத் தேடிக்கிட்டு இருக்காவளாம், இன்னும் முடிவாத் தெரியலன்னு டாக்டர் சொல்லுதாரு" என்றார். பிறகு நிதானமாக ஒன்று சொன்னார்: "கரி கெட்டியா இருந்த நாளுக்குப் பொறவு கேஸ் கூடுத மாரி இருக்கு சார். கூடுதுன்னு நான் சொல்லல. மாரி இருக்கு. நீங்க படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க."

நோட்டுகளை வாங்கி வந்து இரண்டு மாதம் உட்கார்ந்தேன். வார்டுப் பதிவேட்டில் இருந்து நோயாளிகளின் ஊர்ப் பெயர்களை மட்டும் அவர் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஏரல், சாத்தான்குளம், எட்டயபுரம் என்றுதான் பெரும்பாலும் இருந்தது. அவரிடம் போய், காய்ச்சல்காரனை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரன் வாயில் தெர்மாமீட்டர் வைத்தது போல இருக்கிறது என்றேன். கம்பி முத்தையாபுரத்தில் இருக்கிறது, நோயாளி எங்கோ தள்ளியுள்ள ஊர்களில் இருக்கிறான், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். அவர் நோட்டுகளை அடுக்கி வாங்கிக்கொண்டார். நான் நல்ல உதாரணம் சொன்ன திருப்தியில் வீட்டுக்கு நடந்தேன். அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பத்து நாள் கழித்துப் பார்வையாளர் நேரத்தில் என்னை வார்டுக்கு வரச் சொன்னார். கட்டிலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர், முந்தின நாள்தான் அறுவை முடிந்து படுத்திருந்தார்.

"ஏலே, எந்த ஊருன்னு சாருக்குச் சொல்லு."

"ஏரல், சிஸ்டர்."

"ஏரல்ல கடைசியா என்னைக்குப் படுத்து ஒறங்குன?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "கோயில் கொடைக்குப் போனேன்."

"கொடை என்னைக்கு?"

"ஆடியில."

அந்த ஆடித் திருவிழா போய், அப்போது சித்திரை நடந்துகொண்டிருந்தது.

"மத்த நாளெல்லாம்?"

"முத்தையாபுரத்துல ரூமு. அஞ்சு பேரு இருக்கோம். கரி லாரி நிக்குத எடத்துக்குப் பொறத்தால."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியளா சார்? ஏரல்காரன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் என்னை அவர் குத்திக்காட்டவில்லை. அதன் பிறகு வார்டில் இருந்த மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தோம். சாத்தான்குளம் என்று எழுதியிருந்தவர் உப்பளத்துக்குப் பக்கத்தில் ஷெட்டில் தங்கியிருந்தார். எட்டயபுரம் என்று எழுதியிருந்தவர் ஆறு வருஷமாகத் துறைமுகச் சாலையில் டீக்கடை போட்டிருந்தார். ஊரில் தாயும் மனைவியும் அரிசி வாங்க வேண்டும் என்பதால் யாரும் ரேஷன் கார்டை மாற்றவில்லை. மாற்ற நினைத்தாலும் வீட்டுக்காரர் சான்று தருவதில்லை. மருத்துவமனையில் கார்டைப் பார்த்து ஊரை எழுதுகிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைக்கு வேறொரு பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில் வருகை போட்டால் எப்படி இருக்கும்? எங்கள் பகுதியில் சுவாசித்து எங்கள் பகுதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவர்களை எல்லாம் அந்தப் பதிவேடு எங்கோ உள்ள ஊர்களுக்கு அனுப்பிவிட்டது. அதை நம்பித்தான் நான் தெர்மாமீட்டர் உதாரணம் சொன்னேன்.

அன்றிலிருந்து அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கட்டம். சேர்க்கைப் படிவத்தில் முகவரிக்குக் கீழே, இப்போது தங்கியிருக்கும் இடம் என்று ஒரு கட்டம். முதல் முறை கேட்டபோது தலைமை மருத்துவர் தட்டிக்கழிக்கவில்லை. காற்று எல்லாருக்கும் பொதுதானே, அதே அறையில் படுக்கும் மற்ற நாலு பேருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். "அதத் தெரிஞ்சுக்கத்தான் டாக்டர் கட்டம் கேக்கேன்" என்றாராம் சிஸ்டர். அடித்து வைத்த படிவங்கள் தீரட்டும் என்றார்கள். படிவங்கள் தீர மூன்று வருஷம் ஆயிற்று. புதிதாக அடித்து வந்ததில் ஒரு கட்டம் கூடியிருந்தது. காப்பீட்டு அட்டை எண்ணுக்கு. அடுத்த முறை கேட்டபோது, காற்று மாசை அளக்கும் அலுவலகம் எழுதிக் கேட்டால் சேர்க்கலாம் என்றார்கள். இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். மருத்துவமனை விவரம் தந்தால் எழுதிக் கேட்கலாம் என்றார்கள் அங்கே. இரண்டு இடத்திலும் மரியாதையாக நாற்காலி போட்டார்கள், டீயும் தந்தார்கள். திட்டி அனுப்பியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு சமயம் எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் புகையால் குடல்வால் நோய் என்று பெரிய எழுத்தில் பேனர் தயாரித்து, அவர் நோட்டைப் படம் எடுத்துப் போட அனுமதி கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. "எழுதி முடிக்கதுக்கு முந்தியே தீர்ப்புச் சொல்லாதீய. நாளைக்கு ஒருத்தன் இது பொய்யின்னு காட்டுனா, நெசமா இருக்கதையும் சேத்துல்லா பொய்யிம்பான்" என்றார். அவர்கள் போனதும் அவரோடு வாதாடினேன். கத்துகிறவர்கள் பக்கம்தான் அலுவலகங்கள் திரும்பிப் பார்க்கின்றன, நீங்கள் கத்தியிருந்தால் கட்டமாவது கிடைத்திருக்கும் என்றேன். கிடைத்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்கவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருஷம் போய்விட்டது.

சிஸ்டர் ஓய்வு பெற்ற பிறகும் ஆறு மணித் துடைப்பு நிற்கவில்லை. கேஸ் எத்தனை என்று முத்துலட்சுமி போனில் சொல்லிவந்தார். அவரும் ஓய்வு பெற்றபின் அந்த வழி அடைந்துவிட்டது. ஒருநாள் சிஸ்டரின் கார்டு தற்செயலாகக் கண்ணில் பட்டது. முகவரி நாசரேத், அண்ணன் வீடு. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஊரையெல்லாம் எங்கே இருக்கீய என்று கேட்கிற நீங்களே இப்படி வைத்திருக்கலாமா, மாற்றுங்கள் என்று சத்தம் போட்டேன். கார்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்பா கட்டுன வீடு. அங்க எனக்குன்னு மிச்சம் இருக்கது இந்தக் கார்டுல உள்ள ஒரு வரிதான் சார். அதையும் அழிக்கச் சொல்லுதீயளே" என்றார். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஏரல்காரர் ஏன் கார்டை மாற்றவில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அரிசி மட்டும் காரணம் இல்லை.

செய்தி வந்த அன்று நேராக மருத்துவமனைக்குப் போனேன். முத்துலட்சுமி வாசலில் நின்றிருந்தார். உடலை ஒப்படைக்கும் தாளில் என்னைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முகவரி என்ற இடத்தில் நாசரேத் என்று அச்சாகியிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக முத்தையாபுரத்தில் இருந்தவர் இவர் என்றேன். மேசையில் இருந்த பெண் பொறுமையாகவே விளக்கினார். கார்டு எண்ணைப் போட்டால் கம்ப்யூட்டர் தானாக முகவரியை எடுத்துக்கொள்ளும், இங்கே மாற்ற வழியில்லை. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் இருக்கும். அதே கட்டிடத்தில் ஒருவர் ஆயுளில் பாதியைச் செலவழித்து எதைக் கேட்டார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "நீங்க பேனாவால எழுதுங்க சார்" என்றார் முத்துலட்சுமி. அச்சு எழுத்துக்குக் கீழே கையால் ஒரு கட்டம் போட்டேன். தங்கியிருந்த இடம் முத்தையாபுரம் என்று அதற்குள் எழுதினேன். அது ரெக்கார்டில் ஏறாது என்றார் அந்தப் பெண். தெரியும் என்றேன்.

நாசரேத்தில் அவர் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அது அவர் ஊர்தான், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

வீட்டைக் காலி செய்தபோது அண்ணன் மகன் நோட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தில் தேதி இருக்கிறது, துணி இல்லை. ஆறு மணிக்கு முன்பே நெஞ்சுவலி வந்துவிட்டது. என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால், கொய்யா விதை பற்றி நான் சொன்னதை மறந்துவிடுங்கள். மருத்துவமனைக்குப் போனால் கார்டைக் கொடுங்கள், கூடவே எங்கே படுத்து எழுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எழுத இடமில்லை என்பார்கள். ஓரத்தில் எழுதச் சொல்லி அங்கேயே நில்லுங்கள்.

இப்போது ஆறு மணிக்கு என் வீட்டுக் கம்பியைத் துடைக்கிறேன். துணியைக் குத்துகிறேன், தேதி எழுதுகிறேன், காற்று எழுதுகிறேன். கேஸ் எத்தனை என்று சொல்ல மருத்துவமனைக்குள் எனக்கு ஆள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு கட்டம் போட்டுக் காலியாக விட்டு வைக்கிறேன்.