ஐம்பத்தொரு பேர் செய்த ஒரே தவறு

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஞானகுமாரிக்கு வைத்த பெயர் 'கேசட் கடை'. வைத்தது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். வாய்த்துடுக்கு எனக்குப் பிறவிக் குணம். கையில் ஒயர் கூடையும் கூடைக்குள் டேப் ரிக்கார்டருமாக அவள் ஆவடி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "வந்தாச்சும்மா கேசட் கடை! இன்னிக்கு என்ன பாட்டு?" என்று ஜன்னலில் இருந்து குரல் கொடுப்பேன். அவளும் அசர மாட்டாள். "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு இல்லக்கா, வெறும் கணக்குதான்," என்று சிரித்துக்கொண்டே போவாள்.

இதை எழுதுவது 1998இல். அவள் கல்லூரியை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. திமிர் பிடித்தவள், மேலிடத்தோடு மோதி வேலையைத் தொலைத்தவள் என்று அந்தக் கல்லூரியில் இன்னும் பேசுகிறார்கள். திமிர் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மோதலை அவள் தொடங்கவில்லை. அது நடந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

ஞானகுமாரியின் வீடு நெமிலிச்சேரியில், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில். அப்பா பால்ராஜ் ஆவடியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவரே. ஒத்திகையை டேப்பில் பிடித்துத் திரும்பப் போட்டுக் காட்டுவார். 'சுருதி விட்டுட்டே' என்று வாயால் சொன்னால் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லையாம், தன் குரலைத் தானே கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்களாம். அந்த டேப் ரிக்கார்டர்தான் மகள் கைக்கு வந்தது. புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்து 1986இல் எங்களிடம் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தாள். தம்பி செபாஸ்டியன் ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் சம்பாத்தியம் அவளுடையது மட்டும்தான். மூன்று வருஷம் ஒழுங்காக ஓட்டினால் நிரந்தர நியமன ஆர்டர் என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. அவள் வீடே அந்த ஒரு தாளுக்காகத்தான் காத்துக் கிடந்தது.

எங்கள் கல்லூரி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருந்த புதுக் கல்லூரிகளில் ஒன்று. பி.காம். முதலாண்டில் மட்டும் நூற்று முப்பத்தெட்டுப் பேர். ஒரே கூடம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கள்ளிக்குப்பம், வெள்ளானூர், பட்டாபிராம் என்று நாலா பக்கமும் இருந்து வருவார்கள். அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுவார், இல்லையென்றால் ஏதாவது கம்பெனியில் வாட்ச்மேன். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். கடைசி நாலு பெஞ்சுக்காரர்களின் முகம் எங்களில் யாருக்கும் தெரியாது. மாதத் தேர்வுத் தாளில் நாங்கள் போடுவது ஒரு எண், அதைச் சுற்றி ஒரு வட்டம். நூற்றுக்குப் பதினேழு. ஏன் பதினேழு? அதைக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை, சொல்ல எங்களுக்கு நேரம் இல்லை. பதினாறு வருஷம் நானும் அப்படித்தான் காலத்தை ஓட்டினேன்.

ஞானகுமாரியால் அது முடியவில்லை. ஒவ்வொரு தாளிலும் விளக்கம் எழுதிப் பார்த்தாள். நாற்பதாவது தாளில் கை ஓய்ந்தது. அப்போதுதான் அப்பாவின் டேப் ரிக்கார்டரை எடுத்தாள். எழுதினால் பத்து நிமிஷம் பிடிப்பது, பேசினால் ஒரு நிமிஷம். பட்டன்களுக்கு மேலே சின்ன ஜன்னலில் மூன்று இலக்க எண் ஓடுமே, கவுன்ட்டர், அதைப் பார்த்து அந்த எண்ணைத் தாளின் தலையில் சிவப்பு மையால் குறிப்பாள். தன் தாளில் 212 என்று இருந்தால், பையன் மத்தியானம் நூலகத்துப் பின்னறைக்குப் போய் 212 வரை ஓட்டிப் போட்டால் போதும். அவனோடு மட்டும் டீச்சர் பேசுவாள்.

பேசியது எப்படி? வீட்டில் பேசுகிற மாதிரியே. "இன்னா துலுக்கானம், மூணாவது வரி வரிக்கும் ராஜா மாதிரி வந்துகீற. நாலாவதுல இன்னா அவசரம்? கூட்டலை முடிச்சுட்டு வகுக்கணும்பா. திரும்பப் போட்டுப் பாரு, வந்துரும்." நடுவில் அரக்கோணம் ரயில் போகும், அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், எல்லாம் டேப்பில் இருக்கும். துறைத் தலைவர் உலகநாதனுக்கு இது நாராசம். "இங்கிலீஷ் மீடியம் காலேஜில பஸ் ஸ்டாண்டு பாஷை!" என்று முகத்தைச் சுளித்தார். அவள் அடுத்த ஞாயிறும் சர்ச் முடிந்து வந்து அதே பாஷையில்தான் பேசினாள்.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. கூடை கனக்கிறதே என்று கேசட்டை மட்டும் கொண்டுவந்து, கல்லூரியின் மெஷினில் போட்டுக் கேட்கச் சொல்லிவிட்டாள். அந்த மெஷினின் கவுன்ட்டர் வேறு கணக்கில் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளானூர் தசரதன் 'ரொம்ப அழகா போட்டுகீற கண்ணு, இப்டியே போ' என்று கேட்டுவிட்டு, நண்பர்கள் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, விடைத்தாளோடு நேராக ஆசிரியர் அறைக்கே வந்தான்.

"மேடம், டேப்புல அழகா போட்டுகீறன்றீங்க. பேப்பர்ல பதினொண்ணு போட்டுகீறீங்க. கூட்டல்ல நீங்கதான் எங்கியோ கோட்டை உட்டுட்டீங்க."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பாராட்டு அதே வகுப்பு முத்தம்மாளுக்கு உரியது. அவளோ எவனுக்கோ விழுந்த திட்டைக் கேட்டுவிட்டு மூன்றாம் பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். ஞானகுமாரி கூடத்தின் நடுவில் நின்று, "தப்பு என்னுது," என்று இருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஒரு விரிவுரையாளர் மாணவரிடம் மன்னிப்புக் கேட்டு அன்றுதான் பார்த்தேன். மறுநாளிலிருந்து தன் மெஷினையே சுமந்து வர ஆரம்பித்தாள்.

இனி உலகநாதனின் நோட்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தில் டிக்டேஷன் அவருடையது, கணக்குப் பயிற்சியும் தாள் திருத்துவதும் ஞானகுமாரியுடையது. பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார். 1974இல் தன் கையால் எழுதியதாம். வகுப்புக்குள் வருவார், நோட்டைப் பிரிப்பார், தலையை நிமிர்த்தாமல் ஒரு மணி நேரம் வாசிப்பார், மணி அடித்ததும் மூடுவார். நூற்று முப்பத்தெட்டுப் பேரும் எழுதுவார்கள். புள்ளியியல் தாளில் வருஷா வருஷம் பாதிப் பேர் அரியர்ஸ் வைப்பார்கள். "இந்த ஏரியா பசங்களுக்கு மண்டையில ஏறாது," என்பார் உலகநாதன். நாங்களும் தலையாட்டுவோம். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

1989 ஜனவரி மாதத் தேர்வு முடிந்த திங்கட்கிழமை, ஞானகுமாரி தொண்டை கட்டிப்போய் வந்தாள்.

"அக்கா, நேத்து ஒரே பேச்ச அம்பத்தோரு தபா பேசினேன்."

"என்ன பேச்சு?"

"'அறுவது பேரு கீறாங்க, நீ ஏன் ஆறால வகுத்த?'ன்னு. முப்பது பேருக்குச் சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது. ஒருத்தன் தப்புப் போட்டா அது அவன் தப்பு. அம்பத்தோரு பேரு ஒரே எடத்துல ஒரே தப்பப் போட்டா, அது பசங்க தப்பா? யாரோ சொல்லிக் குடுத்துகீறாங்க."

ஒரு மாணவியின் நோட்டைத் திறந்து காட்டினாள். தேர்வில் வந்த அதே கணக்கு. ஒரு தொழிற்சாலையில் அறுபது பேர். அவர்களின் வயது ஆறு வரிசைகளாகப் பட்டியலில் இருக்கிறது. சராசரி வயதிலிருந்து ஆட்கள் சுமாராக எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் ஆட்களின் எண்ணிக்கையால், அதாவது அறுபதால் வகுக்க வேண்டும். உலகநாதன் சொல்லி எழுதவைத்ததில் ஆறு என்று இருந்தது. என்றைக்கோ பார்த்து எழுதும்போது ஒரு சைபரை விட்டிருக்கிறார். வரிசைகளும் ஆறாக இருந்ததால், வரிசையை எண்ணி வகுப்பதுதான் முறை என்று பிள்ளைகள் பாடம் பண்ணிவிட்டார்கள். பல்கலைக்கழகத் தேர்விலும் அப்படியே போட்டுத் தோற்றிருக்கிறார்கள். பதினைந்து வருஷம்.

நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "பேசாம இரு. ஆர்டர் வர நேரம்."

அவள் பேசாமல் இருக்கவில்லை. முறையாக, தனியாக, உலகநாதனிடமே போய் நோட்டைக் காட்டினாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "நீ பாடம் எடுக்க வந்தியா, என்னைத் திருத்த வந்தியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அந்த ஞாயிறு அவள் ஐம்பத்தொரு பேருக்கும் சேர்த்துப் புதிதாக ஒன்றைப் பதிவு செய்தாள்.

"இது உங்க தப்பு இல்ல. நோட்ஸ்ல ஒரு சைபர் உட்டுப்போச்சு. நான் சொல்றேன்னு நம்பாதீங்க, நீங்களே யோசிங்க. சராசரி வயசு முப்பத்தாறு. இருக்கிறதுலயே வயசான ஆளுக்கு அம்பத்தெட்டு. அவரே இருபத்திரண்டு வயசுதான் தள்ளிக் கீறாரு. அப்ப ஆறால வகுத்து, எல்லாரும் சுமாரா முப்பத்திரண்டு வயசு தள்ளிக் கீறாங்கன்னு விடை வந்தா, அது எப்டி சரியா இருக்கும்?"

பின்னறையில் நாலு நாள் கூட்டம் அலைமோதியது. ஐந்தாம் நாள் சேதி உலகநாதன் காதுக்கும், அங்கிருந்து தாளாளர் காதுக்கும் போனது.

தாளாளர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். துறையில் மூத்தவள் என்பதால் சாட்சிக்கு. உலகநாதன் முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார். தாளாளர் கோபத்திலும் மெதுவாகப் பேசுகிறவர். மேஜைக் கண்ணாடியின் மேல் டைப் அடித்த ஒரு தாளை அவள் பார்வை படும்படி வைத்தார். நியமன ஆர்டர். கையெழுத்து மட்டும் பாக்கி.

"பாரும்மா, நான் கணக்குப் படிச்சவன் இல்ல. ஒரு ஹெச்.ஓ.டி. தப்புன்னு பசங்க நினைச்சா காலேஜ் நடத்த முடியாது. அதே டேப்புல, அதே இடத்துல, 'நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், சார் நோட்ஸ் சரி'ன்னு பேசிடு. நான் இதுல கையெழுத்துப் போட்டுடறேன். முடிஞ்சுது."

ஞானகுமாரி அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி சார்," என்றாள். எனக்கு மூச்சு வந்தது. ஆம், நிம்மதிதான் பட்டேன், அதையும் மறைப்பானேன்?

கூடையிலிருந்து மெஷினை எடுத்து மேஜையில் வைத்தாள். டேப்பை ஓட்டி அந்த இடத்துக்கு வந்தாள். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பசங்களா, ஞானகுமாரி பேசறேன், கரஸ்பாண்டன்ட் சார் ரூம்லேருந்து. நான் சொன்னது தப்புன்னு இப்ப சொல்லணுமாம். சொன்னா எனக்கு வேலை நிரந்தரம், ஆர்டர் கண்ணு முன்னாடி கீது. அந்தக் கணக்க இன்னொரு தபா போட்டுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அறுவதுதான். ஹெச்.ஓ.டி. சாரும் இங்க கீறாரு. அவரு வாயாலயே கேட்டுக்கோங்க."

மெஷினை உலகநாதன் பக்கம் தள்ளினாள். அவர் மோட்டுவளையைப் பார்த்தார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. தாளாளர் ஒன்றும் புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் மெஷினை என் பக்கம் திருப்பினாள்.

"சொர்ணம் அக்கா, நீங்க பதினாறு வருஷமா சொல்லிக் குடுக்கிறீங்க. நீங்க சொல்லுங்க. அறுவதா, ஆறா?"

ஊரையே கேலி பேசிய வாய். ஒட்டிக்கொண்டுவிட்டது. உலகநாதன் ஓய்வு பெற்றால் அடுத்த தலைவர் நான் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என்னை முறைத்தார். அந்த முறைப்பில்தான் எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து வருஷத்துப் பிள்ளைகளை மண்டையில் ஏறாதவர்கள் என்று சொல்லிவிட்டு, முறைப்பு வேறு!

"அறுபது," என்றேன். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சத்தமாகவே சொன்னேன். "அறுபதுதான். சார் நோட்ஸ்ல சைபர் விட்டுப்போயிருக்கு. பசங்க மேல தப்பு இல்லை."

ஞானகுமாரி பட்டனை நிறுத்தினாள். தாளாளர் ஆர்டரை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"அந்த மெஷினை இங்க வெச்சுட்டுப் போ."

"இது எங்க அப்பாவோடது சார்," என்று சொல்லிக் கூடையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜூனில் அவளுக்கு வேலை இல்லை. திருவள்ளூர் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்க எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதம் அவர்கள் வீடு எப்படி ஓடியது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. துறைத் தலைவர் பதவி என்னைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. போகட்டும். உலகநாதன் மறு வருஷம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் அறுபது என்று டிக்டேட் செய்தார்.

ஆனால் தாளாளர் அறையிலிருந்து வந்த மறுநாள் காலை, ஞானகுமாரிக்கு இன்னும் மூன்று வாரப் பாடவேளை மிச்சம் இருந்தது. முதல் மணிக்கே கூடத்தில் மெஷினை வைத்து, ஒலியை முழுக்கத் திருப்பி, அந்த டேப்பைப் போட்டாள். நான் பின்கதவருகே நின்றிருந்தேன். அவள் குரல் வந்தது. அப்புறம் அந்த நீண்ட மௌனம். அப்புறம் என் குரல், முதலில் ஈனமாக, பிறகு சத்தமாக. சில பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை.

"நோட்டைத் திறங்க," என்றாள் ஞானகுமாரி.

ஒரு சைபர் போடுகிற சத்தம் காதில் விழுமா என்று கேட்பீர்கள். நூற்று முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்து போட்டால் விழும்.