பூஜ்யத்துக்குப் பின்னால் நின்றவர்கள்

ரத்த வங்கியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வகைக்காரி. எதை நீட்டினாலும் "இது எண்ணா, எழுத்தா, தேதியா?" என்று கேட்டு உயிரை வாங்குவாள். வீட்டுக்காரர் போனில் "இதோ வந்துட்டேன்" என்றால்கூட விடமாட்டாள். "இதோன்னா நிமிஷமா, மணியா?" என்பாள். பாவம், மனுஷர் வீடு வருவதற்குள் பாதி களைத்துப்போவார்.

அவள் பார்த்த வேலை அப்படி. ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் தகவலெல்லாம் கணினியில் வரிவரியாகக் கிடந்தது: இன்னார், எடை, இவ்வளவு; இன்னார், ரத்த வகை, இன்னது. நமக்குப் புரியும். கணினிக்கோ எல்லாமே வெறும் எழுத்து. எடை எது, தேதி எது என்று தெரியாது. ஒவ்வொரு மதிப்போடும் அதன் தரவு வகையையும் சேர்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "ஓடுற வண்டியப் போய் எதுக்கும்மா நோண்டறீங்க?" என்றார் மேலாளர். அவள் கேட்கிற ஆளா? தேதிகளை முடித்தாள், எடைகளை முடித்தாள். ரத்த வகையைக் கடைசிக்குத் தள்ளினாள். அதில் என்ன தப்பு வந்துவிடப்போகிறது என்ற நினைப்புதான்.

அந்த வாரத்தில்தான் அவள் தங்கைக்கு அதே ஆஸ்பத்திரியின் மாடியில் பிரசவம் ஆனது. குழந்தை நலம். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஓ நெகட்டிவ். கையிருப்பு மளமளவென்று கரைந்துகொண்டிருந்தது. கணினி காட்டிய சிலரில் ஒருவர் வெளியூர், ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை.

தங்கையின் கணவர் கீழே ஓடிவந்தார். "அண்ணி, வேற யாருமே இல்லையா?"

இவ்வளவு பெரிய ஊரில் இவ்வளவு பேர்தானா என்று அவளுக்கு உறுத்தியது. உட்கார்ந்து, மிச்சமிருந்த அந்தத் தரவு வகையையும் எழுதினாள்: ரத்த வகை என்றால் இந்த எட்டில் ஒன்று, வேறெதையும் ஏற்காதே.

ஏற்க மாட்டேன் என்று கணினி வரிகளைக் கொட்டத் தொடங்கியது. பார்த்தால் எல்லாம் ஓ நெகட்டிவ். இதில் என்ன குற்றம் கண்டாய் என்று திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தாள்.

ஓ இல்லை. பூஜ்யம். என்றோ யாரோ அவசரத்தில் ஆங்கில எழுத்து ஓ-வுக்குப் பதில் பூஜ்யத்தைத் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே உருண்டை. தேடுகிற கணினிக்கு இவர்கள் இல்லவே இல்லை.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை மனிதர்கள்! வருஷக்கணக்காகக் கையை நீட்டிக்கொண்டு இங்கேயே நின்றிருக்கிறார்கள். ஒரே ஒரு வரி எழுதியதும் அத்தனை பேரும் கண்முன் வந்துவிட்டார்கள். திரையைப் பார்த்துக் கும்பிடவேண்டும்போல் இருந்தது.

முதல் வரியில் இருந்தவர் எதிர்த் தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். வழியில் பார்க்கும்போதெல்லாம் "ஏம்மா, என் ரத்தம் உங்களுக்கு ஆகாதா?" என்று கிண்டலடிப்பாரே, அவரேதான். பிரித்துப்போட்ட கடிகாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

தங்கை கண் திறந்துவிட்டாள் என்று மாடியிலிருந்து சேதி வந்தபோது, கடிகாரக்காரர் கையில் ஒட்டிய பஞ்சோடு இன்னும் அங்கேயே காத்திருந்தார். நடந்ததை அவரிடம் சொன்னாள்.

"அப்ப இத்தனை வருஷமா உங்க மெஷின்ல நான் வெறும் பூஜ்யமா?" என்று சிரித்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை.

"நீங்க எப்பவும் ஓ தாண்ணே. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியல."