நான் ஓட்டிப் பார்க்காத வண்டி

என் மனைவியின் தம்பி ஆஸ்டின் டவுனில் ஒரு பைக் ஷோரூமில் பதினோரு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். ஆனேக்கல் பக்கம் புதிதாக ஆரம்பித்த எலெக்ட்ரிக் பைக் கம்பெனி ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டது. இருக்கிற வேலையை விடுவதற்கு அவனுக்குப் பயம்.

"மாமா, நான் கேட்டா நல்லா இருக்காது. நீங்க வாங்க வந்தவரு மாதிரி போய் ஓட்டிப் பாருங்க. எத்தனை வண்டி ரோட்டுல ஓடுதுன்னு கேளுங்க" என்றான்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு நினைப்பு.

போனது வெள்ளிக்கிழமை. ஷெட்டில் சாம்பிராணி மணந்தது. முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு வந்து என் கையில் சுண்டல் கொடுத்தார். நடுவில் ஒரே ஒரு வண்டி. சக்கரத்தடியில் ஆயுத பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழம், காய்ந்து கறுத்துப்போய், முழுசாக இருந்தது. இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்களே, என்ன பக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

"ஓட்டினீங்களா மாமா?"

"எல்லாம் பாத்தாச்சு. தைரியமா சேரு. சாமியே உத்தரவு குடுத்த மாதிரி இருக்கு."

சேர்ந்த மூன்றாம் நாள் போன் செய்தான். "வண்டிக்குள்ள பேட்டரியே இல்ல மாமா, காலி டப்பா. வண்டி ஒரு அடி நகர்ந்திருந்தா அந்தப் பழம் நசுங்கியிருக்குமே."

பொங்கலுக்குள் ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். ஷோரூமில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது ஒரு பஞ்சர் கடையில் உட்கார்ந்திருக்கிறான். என் மனைவி அந்த முதலாளியைத் திட்டும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

போன மாதம் அந்தக் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "நான் ஓட்டலப்பா. எதுவும் கேக்கவும் இல்ல."

அவன் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, "தெரியும் மாமா. ஓட்டியிருந்தா வண்டியைப் பத்தி ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பீங்க" என்றான்.

"தெரிஞ்சுமா சேர்ந்தே?"

"சாமி பேரைச் சொல்லிட்டீங்க. அதுக்கு மேல உங்களை என்னன்னு கேக்கறது?"

"அக்காகிட்ட சொல்லாதீங்க, வீட்டுல சண்டை வரும்" என்று அவனே எனக்கு வழி விட்டான்.

அன்று சாயங்காலமே என் மனைவியிடம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. விளக்கேற்ற எழுந்தவள், என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போய்க் கும்பிட்டாள்.