அவளைப் போலவே இருந்த நான்

துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் தலையில், கிரேனிலிருந்து நழுவிய மூட்டை ஒன்று விழுந்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ஆஸ்பத்திரியிலிருந்து ராயபுரம் வீட்டுக்கு வந்தவர் நன்றாகத்தான் இருந்தார். பசித்தது, பேசினார், கூட்டாளிகள் பேரெல்லாம் ஞாபகம் இருந்தது. என்னை மட்டும் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மே நீ?"

"இன்னாய்யா கேக்குற? உன் பொண்டாட்டி."

"அவ மாரியே கீற. மூக்குத்திகூட அவுளுதுதான். ஆனா நீ அவ இல்ல."

நான் போட்ட சோற்றில் ஒரு பிடியைப் பூனைக்கு வைத்து, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகே சாப்பிட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா என் காதோடு சொன்னாள்: "நடிக்கிறாருமே. காசிமேட்டுல எவளாச்சும் இருப்பா. உன்னத் தொரத்தத்தான் இந்த வேஷம்."

அது என் மனசில் ஒட்டிக்கொண்டது. அவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். ஒருநாள் அவர் கடற்கரைக்குக் கிளம்பியதும் முக்காடிட்டுப் பின்னாலேயே போனேன். மீன் விற்கும் ஒருத்தியிடம் குனிந்து பேசினார். அகப்பட்டான் என்று நெருங்கினேன்.

"எம் பொண்டாட்டி இந்தப் பக்கம் வந்துச்சா? வூட்ல வேற எவளோ குந்திகினு கீறா" என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "மொகத்த அடையாளம் காண்றது மூளையில ஒரு இடம், பாத்ததும் பாசம் வர்றது வேற இடம்னு தோணுதும்மா. நடுவுல இருக்கற வழி அடிபட்டிருக்கலாம். உன் மொகம் தெரியுது, மனசு அசையல. அதான் நீ வேற ஆளுன்னு நெனைக்கிறார். எனக்கும் நிச்சயமாத் தெரியல."

அதையும் நான் முழுசாக நம்பவில்லை. சோதித்துப் பார்க்க, வீட்டுச் சுவருக்கு வெளியே மறைவாக நின்று, "யோவ், சாப்ட்டியா?" என்றேன்.

"எங்கமே போய்ட்ட இத்தினி நாளா?" என்று அழுதுகொண்டே ஓடிவந்தார். என் முகத்தைக் கண்டதும் அழுகை நின்றது. என் தோளுக்கு மேலாக எட்டித் தெருவில் அவளைத் தேடினார்.

என் சந்தேகம் அன்றோடு போயிற்று. அவருடையது போகவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், அவராகவே பேசினார். "அவ இனிமே வரமாட்டா போலக்கீது. நீயும் போயிடாத. நீயே இரு."

சரி என்றேன். பிறகு வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்தோம். முன்பு போல என் பேரைச் சொல்லி மட்டும் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.