தலைமுழுகாத பாட்டு

புத்தூரிலிருந்து மேடம் போன் பண்ணினார். பாட்டு ஆராய்ச்சி பண்ணினவர். அவருக்கு ரொம்ப காலம் கார் ஓட்டினேன். நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று ஊர் ஊராகப் போய் டேப்பில் பிடிப்பார். ஆப்பிரிக்காவுக்குக்கூடப் போய்ப் பிடித்து வந்தார். அந்த ஊர் சாவுப் பாட்டை ஒருநாள் காரில் போட்டுக் காட்டினார். பாஷை தெரியாவிட்டாலும் அதையே கேட்டுக்கொண்டு, மன்னார்புரத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய்விட்டேன். அது கிடக்கட்டும்.

"டிரைவர், காது இன்னும் கேக்குதா?"

"ஹாரன் அடிச்சா கேக்கும்மா."

"அப்ப ஒரு நடை வாங்க. டேப்பை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க. இனிமே உலகத்துல யார் வேணா கேக்கலாம். உங்க வீட்டம்மா பாடுன ஒப்பாரி ஒண்ணு இருக்கு. நீங்க சரின்னாத்தான் ஏத்துவேன்."

என் மனைவி போன ஆடிக்கு முந்தின ஆடியில் போய்ச் சேர்ந்தாள். படம் இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அது என் மாமியார் செத்த அன்று பாடியது. வையம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மேடம் துக்கம் கேட்க வந்தவர், பெண்களிடம் கேட்டுக்கொண்டு பாட்டை டேப்பிலும் பிடித்துவிட்டார். நான் பாடைக்கு மூங்கில் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். பாட்டை நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் பெண்கள் யாரை வேண்டுமானாலும் பாட்டில் வைத்துத் திட்டலாம். திட்டு வாங்குகிறவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். பிணம் எடுத்த பிறகு எல்லோரும் தலைமுழுகுவார்கள். அதோடு சரி. அந்தப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கக் கூடாது.

மேடம் வீட்டில் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரிச் சத்தம் கேட்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். முதலில் ஒரு இருமல் வந்தது. சாப்பிடக் கூப்பிடும்போதும் அவள் அப்படித்தான் இருமிவிட்டுக் கூப்பிடுவாள். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் பாட்டு.

"ஆட்டுக் கொட்டாயில ஒன்னப் படுக்க வச்சு, என்னப் பெத்த தாயே,
ஆக்குன சோத்தக் கதவு சாத்தித் தின்னாரே ஒன் மவன்."

அந்த மகன் என் மச்சான். அன்று சாயங்காலம் அவர் கையால் பரிமாறிய சோற்றை அவள் சாப்பிட்டதை நான் பார்த்தேன். பின்னால் அவர் மகளையே எங்கள் பையனுக்குக் கட்டினோம். இப்போது அந்தப் பெண் மாசமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். மச்சானும் இருக்கிறார், கண் மங்கி.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"வேணாம்மா. ஏத்தாதீங்க."

"இந்த மாதிரி ஒரு குரல் நான் எந்த நாட்டுலயும் கேட்டதில்ல டிரைவர்."

"அதுல திட்டு வாங்குறவரு எங்க மருமகளோட அப்பாம்மா. நாளைக்கு அவ போன்ல கேட்டா?"

"அந்த ரெண்டு வரிய வெட்டிடறேன்."

"அதுக்குத்தானே அவ பாடுனா. அத வெட்டுனா மிச்சம் என்னம்மா இருக்கு?"

மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "பூட்டி வச்சா நானும் போனப்புறம் அதத் தொடக்கூட ஆள் இருக்காது. அதுக்கா இவ்வளவு அலைஞ்சேன்?"

அவர் அலைந்ததை நான்தானே பார்த்தேன். காய்ச்சலோடு டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அன்னிக்கு நாங்க எல்லாரும் தலைமுழுகிட்டோம்மா. அந்த டேப்பு மட்டும் முழுகல," என்றேன்.

மேடம் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே, "சரி, பூட்டிடறேன். உங்களுக்கு மட்டும் ஒரு காப்பி தரவா?" என்றார்.

வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. என் போனைப் பையனும் எடுப்பான், மருமகளும் எடுப்பாள்.

"வேணாம்மா. போயிட்டு வரேன்."

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வரும்போது அந்த இருமல்தான் காதில் இருந்தது. அதை மட்டுமாவது கேட்டு வாங்கியிருக்கலாம். அம்மா மண்டபத்தில் இறங்கிக் காவிரியில் மூன்று முங்கு போட்டேன். ஒப்பாரி கேட்ட உடம்போடு பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்குள் எப்படிப் போவது?

ஈரத் தலையைப் பார்த்ததும் மருமகள் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"யாரு மாமா போயிட்டாங்க?"

"தெரிஞ்சவங்கம்மா."

"மேடம் வீட்டுக்குப் போனீங்களே, அத்தை பாட்டு ஏதாச்சும் இருந்துச்சா? பிள்ளைக்குப் போட்டுக் காட்டலாம்ல?"

துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே, "இல்லம்மா," என்றேன்.